விளக்கில் படிந்த புழுதி: ஃபீனிக்ஸ் வீட்டுக்கு ஏசி ஃபில்டர் தேடிய அனுபவம்

வியாழக்கிழமை இரவு விளக்கைத் துலக்கி வைத்து, வெள்ளிக்கிழமை மாலை ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். கோவில்பட்டியில் அம்மா வீட்டில் குத்துவிளக்கைத் துலக்கினால் எண்ணெய்ப் பிசுக்கும் திரிக் கரியும்தான் கையில் வரும். இங்கே, அரிசோனா மாநிலத்தின் சாண்ட்லர் நகரில், குடிவந்த முதல் கோடையில் விளக்கைக் கையில் எடுத்தபோது எண்ணெய் வழிந்த இடமெல்லாம் செம்பழுப்பாக ஒரு களிம்பு ஒட்டியிருந்தது. விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தேன். மணலின் நறநறப்பு கொஞ்சமும் இல்லை. திருநீறு போல வழுவழுவென்று இருந்தது. அத்தனையும் ஒரே வாரத்தில் படிந்தது. மே முதல் செப்டம்பர் வரை நாங்கள் ஜன்னலைத் திறப்பதே கிடையாது. அடைத்த வீட்டுக்குள் இத்தனை புழுதி எந்த வழியாக வருகிறது என்று அன்று இரவு யோசிக்கத் தொடங்கினேன்.

அந்தக் கேள்வி பிடித்துக்கொள்ளக் காரணம் இருந்தது. மகனுக்கு அப்போது நான்கு வயது. படுத்த சிறிது நேரத்தில் நெஞ்சில் பூனை உறுமுவது போலச் சத்தம் கேட்கும். நெபுலைசர் வைப்போம், தூங்குவான், விடியற்காலையில் மறுபடி இருமுவான். மருத்துவர் மருந்து கொடுத்தார். கூடவே, வீட்டு ஏசியில் என்ன ஃபில்டர் போட்டிருக்கிறீர்கள் என்றும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கூடத்தின் உட்கூரையில் பெரிய கம்பிச் சட்டம் ஒன்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைத் திறக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

ஃபீனிக்ஸையும் சாண்ட்லரையும் சுற்றியுள்ள நகரங்களையும் இங்கே எல்லோரும் பள்ளத்தாக்கு என்றுதான் சொல்கிறார்கள். சொனோரன் பாலைவனத்தின் நடுவில் இருக்கிறது. வருடம் முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய 7 அங்குல மழைதான். 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 110 பாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. செல்சியஸில் அது 43. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கும் பருவமழைக் காலம் என்று ஒன்று உண்டு. மழைக்கு முன்னால் புழுதி வரும். இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தரையில் வந்து மோதி நாலாபுறமும் ஓடும்போது, தெற்கேயுள்ள தரிசு நிலங்களின் மண்ணை வாரிக்கொண்டு ஒரு சுவராக எழுந்து வரும். ஹபூப் என்பது அதன் பெயர். அரபிச் சொல். 2011 ஜூலை 5 அன்று வந்த ஹபூப் ஒரு மைலுக்கு அருகான உயரம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் பார்த்த முதல் ஹபூப் அதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் மாலை ஆறு மணிக்குத் தெருவிளக்குகள் தானாக எரிந்தன. அப்போது எங்களோடு இருந்த அம்மா வாசல் கண்ணாடியருகே நின்று, "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இங்கே ஊரே பறக்கிறதே" என்றார். கணக்குப் பார்த்தால் அது ஆடி மாதம்தான்.

மருத்துவர் கேட்ட மறுநாளே ஏணி போட்டு அந்தக் கம்பிச் சட்டத்தைத் திறந்தேன். பரணில் இருக்கும் ஒரே ஏசி எந்திரம் வீடு முழுவதற்குமான காற்றை அதன் வழியாகத்தான் உள்ளிழுக்கிறது. உள்ளே நீல நிறத்தில் ஒரு கண்ணாடியிழை ஃபில்டர். விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். கடையிலேயே மிகவும் மலிவானது அதுதான். நூல், முடி, பெரிய தூசி இவற்றைப் பிடித்து எந்திரத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை. மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் நுண்தூசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த வாரமே கடைக்குப் போனேன். அலமாரி முழுக்க எண்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். மெர்வ் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் அளவுகோல். தூசியை அளவுவாரியாகப் பிரித்து, எதில் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது என்று சோதிப்பார்கள். மெர்வ் 8 என்றால் 3 முதல் 10 மைக்ரான் வரையிலான தூசியில் குறைந்தது 70 சதவீதம் நிற்கும். ஆனால் 1 முதல் 3 மைக்ரானில் 20 சதவீதம்தான். மெர்வ் 11 போட்டால் பெரிய தூசியில் 85, நடுத்தரத்தில் 65, அதைவிட நுண்ணியதில் 20 சதவீதம். மெர்வ் 13-இல் முறையே 90, 85, 50. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவில் வைத்தால் இந்த அளவுகள் புரியும். கடைகளில் எம்.பி.ஆர். என்றும் எஃப்.பி.ஆர். என்றும் வேறு எண்கள் அச்சிட்டிருக்கும். அவை ஒரு நிறுவனமும் ஒரு கடையும் தமக்கென்று வைத்துக்கொண்ட அளவுகோல்கள். எம்.பி.ஆர். 1900 என்றிருப்பது மெர்வ் 13-க்கு இணை. அட்டையின் ஓரத்தில் மெர்வ் எண் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, அதை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள்.

எண் கூடினால் நல்லது என்ற எளிய கணக்கில் மெர்வ் 13 வாங்கினேன். 20×25×1 அங்குலம். மூன்று மாதம் வரை உழைக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. நானும் நம்பி மூன்று மாதத்துக்கு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மே முதல் வாரத்தில் மாட்டியது. இடையில் இரண்டு புழுதிப் புயல்கள் வந்து போயின.

ஜூலை கடைசியில் ஒரு நாள் மாலை வீடு சுடத் தொடங்கியது. தெர்மோஸ்டாட்டில் 78 பாரன்ஹீட் வைத்திருந்தோம், 84 காட்டியது. பிறகு 87. ஏசி ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் காற்றுத் துவாரத்தில் கையை வைத்தால் மூச்சு விடுவது போல லேசாகத்தான் வருகிறது. கணவர் ஏணி வைத்துப் பரணில் ஏறினார். கோடையில் இங்கே பரண் 60 செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டுக்குள், எந்திரத்திலிருந்து வரும் செம்புக் குழாயில் கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் பனி உறைந்திருந்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்டதால் குளிர்ச் சுருளின் மீது போதிய காற்று ஓடவில்லை. காற்று ஓடாத சுருள் தன் குளிரிலேயே உறைந்துவிட்டது. வெளியே 112 டிகிரி. மகனையும் அம்மாவையும் நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் இரவெல்லாம் விழித்திருந்தோம்.

அந்த நிலை உங்களுக்கு வந்தால்: குளிரூட்டலை நிறுத்துங்கள், விசிறியை மட்டும் ஓடவிடுங்கள், அடைத்த ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். சுருளில் உறைந்தது உருக நான்கைந்து மணி நேரமாவது ஆகும். உருகும் நீர் கூரை வழியாகச் சொட்டாதபடி வடிகுழாயைக் கவனித்துக்கொள்ளுங்கள். பனியைக் கத்தியால் சுரண்ட முயலாதீர்கள், சுருள் ஓட்டையாகிவிடும்.

முதலில் வந்து பார்த்த ஏசி நிறுவன ஊழியர் பத்து நிமிடத்தில், எந்திரம் பழையது, மாற்றிவிடுங்கள் என்று ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எதையும் அளந்து பார்க்கவில்லை. குழந்தைக்கு மூச்சு விட முடியவில்லை என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். கணவர்தான் ஒரு நாள் பொறுப்போம் என்றார். இரண்டாவதாக வந்தவர் வயதானவர். பையிலிருந்து அழுத்தமானியை எடுத்து, எந்திரத்தின் இரு பக்கமும் சிறு துளையிட்டு அளந்தார். தாங்கக்கூடிய அழுத்தம் நீரை அரை அங்குலம் உயர்த்தும் அளவுதான், எந்திரத்தின் தகட்டிலேயே அது எழுதியிருக்கிறது என்று காட்டினார். எங்கள் வீட்டில் 0.9 இருந்தது. எந்திரத்துக்கு ஒன்றுமில்லை அம்மா, அதற்கு மூச்சு முட்டுகிறது என்றார். மகனுக்கும் எந்திரத்துக்கும் ஒரே நோய் என்று அப்போது பட்டது.

அவர் சொன்ன கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஏசியின் ஒவ்வொரு டன்னுக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 கன அடி காற்று ஓட வேண்டும். எங்களுடையது 4 டன். ஆக 1600 கன அடி. ஒரு அங்குலத் தடிமன் உள்ள ஃபில்டரில், ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 2 கன அடிக்கு மேல் காற்றை இழுக்கக் கூடாது என்பது அனுபவக் கணக்கு. அப்படியென்றால் 800 சதுர அங்குலம் தேவை. எங்கள் சட்டமோ 20×25, அதாவது 500 தான். வீடு கட்டியவர்கள் அன்றைக்கே குறைத்து வைத்துவிட்டார்கள். மலிவான நீல ஃபில்டர் இருந்தவரை அந்தக் குறை வெளியில் தெரியவில்லை.

நம் வீட்டுக் காபி ஃபில்டரை நினைத்துக்கொண்டால் போதும். பொடியை மிக நைசாக அரைத்து, சின்ன ஃபில்டரில் போட்டு அழுத்திவிட்டால் டிகாஷன் இறங்கவே இறங்காது. அதே பொடியை அகலமான ஃபில்டரில் பரப்பினால் இறங்கும். காற்றுக்கும் அதேதான். எத்தனை நைசான ஃபில்டர் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை அகலமானது என்று கேட்க வேண்டும். நான் எண்ணை மட்டும் பார்த்தேன், பரப்பைப் பார்க்கவில்லை.

அவருடைய ஆலோசனைப்படி மாடிப் படிக்கு அருகில் காற்றை உள்ளிழுக்க 20×20 அளவில் இன்னொரு காற்று வாயைத் திறந்தோம். உட்கூரையை வெட்டி, பரண் வழியாகக் குழாய் இழுத்து முடிக்க ஒரு நாள் ஆனது. மொத்தப் பரப்பு 900 சதுர அங்குலமாயிற்று. இரண்டிலும் மெர்வ் 11 போட்டு மறுபடி அளந்தார். 0.55. சுமார்தான், ஆனால் இது ஓடும் என்றார். எந்திரத்தை மாற்றச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வீட்டில் இடம் இருப்பவர்கள் 4 அங்குலத் தடிமன் உள்ள ஃபில்டர் பெட்டி வைக்கலாம். மடிப்புகள் ஆழமாக இருப்பதால் அதே சட்ட அளவில் காகிதப் பரப்பு பல மடங்கு கூடிவிடும். அப்படியானால் மெர்வ் 13 போட்டாலும் எந்திரம் திணறாது. புது வீடு கட்டுபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதை ஒன்றைத்தான். அடுப்பு மேடைக் கல்லுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கைக் காற்று வாய்க்கு ஒதுக்குங்கள்.

அவர் பரணில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். எந்திரத்திலேயே ஃபில்டர் செருகும் இடம் ஒன்று இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் அதில் ஒன்றைச் செருகி மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு ஃபில்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக. வாங்கிய வீட்டில் குடியேறுபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் விளக்கில் புழுதி படிந்தது. முன்பைவிடக் குறைவு, ஆனால் படிந்தது.

அதற்கு விடை கிடைத்தது ஊதுபத்தியில். ஒரு சனிக்கிழமை காலை, ஏசி ஓடிக்கொண்டிருந்தபோது ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு ஏணியில் ஏறினேன். கம்பிச் சட்டத்தின் நடுவில் பிடித்தால் புகை நேராக ஃபில்டருக்குள் போயிற்று. ஓரத்துக்குக் கொண்டுபோனேன். புகை சட்டென்று வளைந்து, ஃபில்டரின் அட்டைக்கும் தகரச் சட்டத்துக்கும் இடையில் இருந்த இடுக்குக்குள் ஓடி மறைந்தது. விரல் நகம் நுழையும் அளவு இடுக்கு. இந்த ஃபில்டர்களில் 20×25×1 என்று எழுதியிருப்பது பெயரளவுக்குத்தான். உண்மை அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். பெரும்பாலும் பக்கத்துக்கு அரை அங்குலம் வரை குறைவாக இருக்கும், தடிமன் முக்கால் அங்குலம்தான். காற்று சுலபமான வழியைத்தான் தேடும். ஃபில்டர் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஓரத்து இடுக்கு வழியாகப் பாயும். அந்த இடுக்குக்கு உட்புறத் தகரத்தில் பழுப்பாக ஒரு கோடு விசிறி போல விரிந்திருந்ததைத் துடைத்து எடுத்தேன். விளக்கில் கண்ட அதே களிம்பு நிறம்.

கதவு ஓரத்தில் ஒட்டும் நுரைப் பட்டையைச் சட்டத்தைச் சுற்றி ஒட்டினேன். ஃபில்டரை அழுத்திச் செருக வேண்டியிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். அட்டையில் இருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையை, அதாவது எந்திரத்தை நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஊதுபத்தி இன்னொரு உண்மையையும் காட்டியது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதற்குப் பின்னால் இருந்த பெட்டிக்குள் பிடித்தபோது, மூலையிலிருந்து புகை எதிர்த் திசையில் கலைந்தது. அங்கிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. சுவர்ச் சட்டங்களுக்கு நடுவே ஜிப்சம் பலகையை அடித்து அதையே காற்றுப் பாதையாக விட்டிருந்தார்கள். மூலைகள் அடைபடவில்லை. பரணின் காற்றையும், அதிலிருக்கும் பல வருடப் புழுதியையும், கூரைக்கு அடியில் போட்டிருக்கும் காப்புப் பஞ்சின் துகளையும் எந்திரம் ஃபில்டருக்குப் பின்னால் உறிஞ்சி வீடு முழுவதும் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே மெர்வ் 16 போட்டாலும் பயன் கிடையாது. குழாய் இணைப்புகளைப் பூசும் மாஸ்டிக் என்ற பசையை வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு மூலை மூலையாகப் பூசினோம். சாம்பல் நிறத் துணி நாடாவை நம்ப வேண்டாம், பரண் சூட்டில் ஓரிரு வருடத்தில் உரிந்து தொங்கும். இந்த ஒரு நாள் வேலைதான் விளக்கில் மிகப் பெரிய மாற்றத்தைக் காட்டியது. அடுத்த வியாழக்கிழமை துலக்கியபோது கையில் கரிதான் வந்தது. பழுப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

வாசல் கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கேயும் புழுதி வரும். அதற்கு ரப்பர் பட்டை போடுங்கள். குளியலறை விசிறி, அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி, துணி உலர்த்தும் எந்திரம் மூன்றும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுபவை. தள்ளிய காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று கிடைத்த இடுக்கில் நுழையும். புயல் எச்சரிக்கை கைபேசியில் வந்தவுடன் இம்மூன்றையும் நிறுத்துகிறேன். ஏசி இங்கே பெரும்பாலான வீடுகளில் உள்ளிருக்கும் காற்றைத்தான் சுற்றவிடுகிறது. ஆகவே குழாய்கள் ஒழுங்காக அடைத்த வீட்டில் அது ஓடுவது நல்லதே. ஒழுகும் குழாய் உள்ள வீட்டில் புழுதிச் சுவர் கடந்துபோகும் வரை, அரை மணி நேரம் நிறுத்திவைப்பது மேல்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு நான் என் சமையலறைத் தராசைச் சொல்வேன். அரிசி மாவு நிறுக்கும் அதே தராசுதான். புது ஃபில்டரை நிறுத்து அட்டை ஓரத்தில் எடையையும் தேதியையும் எழுதிவிடுகிறேன். கழற்றும்போது பிளாஸ்டிக் பையில் போட்டு மறுபடி நிறுக்கிறேன். ஜூலையில் ஒரே மாதத்தில் ஒரு ஃபில்டரில் 80 கிராம் ஏறியிருந்தது. ஒரு கை நிறைய மாவு. ஜனவரியில் இரண்டு மாதம் விட்டும் 30 கிராம் ஏறவில்லை. கோடையில் ஏசி ஏறக்குறைய நாள் முழுவதும் ஓடுகிறது, அத்தனை காற்றும் இதன் வழியாகத்தான் போகிறது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 நாள், ஹபூப் வந்தால் மறுநாளே பார்த்து முடிவு. குளிர்காலத்தில் 60 நாள். வசந்தத்தில் தூசியைவிட மகரந்தம் தொல்லை. ஆலிவ், மல்பெரி, புல், பிறகு பாலோ வெர்டே மரங்கள் ஊரையே மஞ்சளாக்கும் ஏப்ரல். அந்த மாதமும் 30 நாள்தான். மெர்வ் 13 ஒன்றை மூன்று மாதம் வைப்பதைவிட மெர்வ் 11 ஒன்றை மாதம்தோறும் மாற்றுவது எங்கள் வீட்டுக்கு நல்லதாக இருக்கிறது. ஒரு பெட்டியாக வாங்கினால் விலையும் குறைகிறது.

ஏசி நின்றிருக்கும்போது ஃபில்டரும் சும்மா இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. டிசம்பரில் குளிரூட்டலும் வேண்டாம், சூடேற்றலும் வேண்டாம் என்று எந்திரம் நாள் கணக்கில் ஓய்ந்திருக்கும். தெர்மோஸ்டாட்டில் விசிறியை மட்டும் மணிக்கு 20 நிமிடம் ஓடவிடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

கழுவித் திரும்பப் போடும் ஃபில்டர் ஒன்றையும் இடையில் வாங்கிப் பார்த்தேன். காசு மிச்சம் என்று தோன்றும். நுண்தூசியை அது விட்டுவிடுகிறது. இந்த ஊரின் உப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் வெள்ளையாகப் படிவு வேறு. விட்டுவிட்டேன்.

மகன் தூங்கும் அறைக்குத் தனியாக ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தோம். வீட்டு ஏசியால் செய்ய முடியாததை இது செய்கிறது. ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரானில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் இங்கும் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. நிமிடத்துக்கு எத்தனை கன அடி தூய காற்றைத் தருகிறது என்பதைச் சி.ஏ.டி.ஆர். என்று அச்சிட்டிருப்பார்கள். அறையின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்காவது அந்த எண் இருக்க வேண்டும். 12க்கு 15 அறை என்றால் 180 சதுர அடி, ஆகவே 120. நான் அதற்கு இரட்டிப்பாக வாங்கி மெதுவாக ஓடவிடுகிறேன், சத்தம் இருக்காது, குழந்தை தூங்குவான். அயனி, ஓசோன் என்று விளம்பரம் செய்பவற்றை இளைப்பு உள்ள வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு.

வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. 2020-இல் ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியாளரும் ஃபில்டர் தொழிலில் இருந்த ஜிம் ரோசென்தால் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய பெட்டி. 20 அங்குலச் சதுர விசிறி ஒன்று, 20×20 மெர்வ் 13 ஃபில்டர்கள் நான்கு, அட்டைப் பெட்டி, ஒட்டும் நாடா. ஃபில்டர்கள் நான்கு சுவர், அடியில் அட்டை, மேலே விசிறி காற்றை மேல்நோக்கி ஊதும்படி. அம்புக்குறிகள் உள்நோக்கி இருக்க வேண்டும். மகனுக்கு எட்டு வயதானபோது இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தோம். நாடா ஒட்டும் வேலை முழுவதும் அவனுடையது. கூடத்தில் இன்றும் ஓடுகிறது. நான்கு ஃபில்டர்களின் பரப்பு சேர்வதால்தான் சாதாரண விசிறியே அதை இழுக்கிறது. முன்னால் சொன்ன அதே பரப்புக் கணக்கு.

அளவெடுக்கும் கருவி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டில் வைக்கும் மலிவான லேசர் கருவிகள் புகை போன்ற நுண்துகளை ஓரளவு நன்றாகக் காட்டும். பாலைவனப் புழுதியின் பெரும் பகுதி அதைவிடப் பருமனானது. அதை இவை குறைத்தே காட்டுகின்றன. ஹபூப் அன்று கருவி பச்சை நிறம் காட்டுகிறதே என்று கதவைத் திறந்துவிடாதீர்கள். அதே கருவி நாம் கடுகு தாளிக்கும்போது சிவப்பாகிவிடும். அது மட்டும் உண்மைதான். தீபாவளிப் பலகாரம் சுட்ட வாரத்தில் கழற்றிய ஃபில்டரில் எண்ணெய் வாடை அடித்தது. புகைபோக்கி வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். இங்கே பல வீடுகளில் இரண்டாவது வகைதான்.

பள்ளத்தாக்குக் காய்ச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை இந்த மண்ணில் வாழ்கிறது. மண் கிளறும்போது அதன் வித்துகள் காற்றில் ஏறுகின்றன. 2 முதல் 5 மைக்ரான் அளவு. மூச்சில் இறங்கினால் சிலருக்கு இருமல், காய்ச்சல், வாரக்கணக்கில் தீராத அசதி. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு நிமோனியா என்று நினைத்து மாத்திரைகள் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனையில்தான் இது என்று தெரிந்தது. நல்ல ஃபில்டர் வீட்டுக்குள் வரும் வித்துகளைக் குறைக்கும், அவ்வளவே. வெளியில் சுவாசிப்பதை அது தடுக்காது. தோட்டத்து மண்ணைக் கிளறும்போது நனைத்துவிட்டு, நல்ல முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இருமல் விடாவிட்டால் மருத்துவரிடம் இந்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். ஊரிலிருந்து வந்து போன பெற்றோருக்குத் திரும்பிய பிறகு இருமல் வந்தால், அரிசோனாவில் இருந்ததை அங்குள்ள மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த மருத்துவருக்கு இந்த நோய் நினைவுக்கு வர வேறு வழியில்லை.

குவைத்தில் இருக்கும் என் தம்பிக்கு இந்தக் கணக்கில் பாதி பொருந்தாது. அங்கே ஜூன், ஜூலையில் புழுதியைக் கொண்டுவரும் ஷமால் காற்று வீசும். அவன் அறையில் இருப்பது சுவரில் மாட்டிய ஸ்ப்ளிட் ஏசி. அதன் முகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வலை பஞ்சை மட்டும் பிடிக்கும். அதில் மெர்வ் அட்டையை வெட்டி ஒட்ட வேண்டாம், காற்று அடைத்து எங்களுக்கு ஆனது போலவே சுருள் உறையும் என்று சொன்னேன். வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறான், ஜன்னல் இடுக்குகளை நுரைப் பட்டையால் அடைத்தான், கட்டிலருகே ஹெப்பா சுத்திகரிப்பான் ஒன்று வைத்தான். வாடகை அறைக்கு அது போதும். வளைகுடாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதே நிலைதான் என்பதால் எழுதுகிறேன்.

மகனுக்கு இப்போது பத்து வயது. இளைப்பு முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மருந்தும் வயதும் சேர்ந்து செய்த வேலையில் ஃபில்டரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நெபுலைசரை அலமாரியிலிருந்து எடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போன ஆடியில் ஹபூப் அடித்து ஓய்ந்த பிறகு மழை வந்தது. நனைந்த கிரியோசோட் செடியின் வாசனை தெரு முழுவதும் நிறைந்தது. மறுநாள் காலை அவனே ஏணியை இழுத்து வந்தான். நான் பிடித்துக்கொள்ள, அவன் கழற்றினான். நேற்று வரை வெள்ளையாக இருந்த மடிப்புகளில் பள்ளங்கள் மட்டும் செம்பழுப்பாகியிருந்தன. தராசில் வைத்தோம். 40 கிராம் ஏறியிருந்தது. புதியதை நுரைப் பட்டைக்குள் அழுத்திச் செருகிவிட்டு, அட்டை ஓரத்தில் எழுத என்னிடம் பேனா கேட்டான்.